சிபியு சூட்டை அளப்பதும் குறைப்பதும்: வெயில் ஊர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன மே மாதம் வேலூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கேம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் நல்லா ஓடுது. அப்புறம் இழுக்க ஆரம்பிச்சிடுது. ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தேன், 100 டிகிரின்னு காட்டுது. வெடிச்சிடுமா?"

வெடிக்காது என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். இன்டெல் ஐ5-12400 பிராசசர், அதனுடன் பெட்டியிலேயே வரும் கூலர், வாங்கி ஏழு மாதம்கூட ஆகாத கம்ப்யூட்டர். அன்று அங்கே என்ன வரிசையில் பார்த்தேனோ அதே வரிசையில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உங்கள் கம்ப்யூட்டருக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீடுகளில் அந்தப் பெட்டி முழுவதையும் சிபியு என்றுதான் சொல்கிறோம். இங்கே சிபியு என்றால் மதர்போர்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிராசசர் மட்டும். பெட்டியைக் கேபினெட் என்று சொல்லிக்கொள்வோம்.

சூடு எங்கிருந்து வருகிறது

பிராசசருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். 70 வாட் இழுக்கும் சிபியு, 70 வாட் ஹீட்டரும்தான். 70 வாட் என்பது பெரிய அளவு இல்லை. ஆனால் அது வெளிவரும் இடம் மிகச் சிறியது. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட் வெப்பம் உள்ளங்கையைவிடப் பெரிய தகடு முழுவதும் பரவுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு வாட் அளவில் வரும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைப் பிராசசர்களில், கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) இருக்கும் சிப்பின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர்கூடக் கிடையாது. அதில் 100 வாட் ஓடினால், இஸ்திரிப் பெட்டியைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு அடர்த்தியான வெப்பம். பிரவுசரைத் திறந்த நொடியில் 42 டிகிரியிலிருந்து 60க்குத் தாவி, திரும்ப இறங்குவதற்கு இதுதான் காரணம். அந்தத் தாவலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் தெரிந்திருந்தால் பின்னால் உதவும். சிபியு இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு இருபடியாக ஏறும். வேகத்தையும் வோல்டேஜையும் தலா 10 சதவீதம் குறைத்தால், 0.9 பெருக்கல் 0.9 பெருக்கல் 0.9, சுமார் 0.73. வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் சூட்டில் கால் பங்குக்கு மேல் குறையும்.

100 டிகிரி என்பது என்ன

ஒவ்வொரு பிராசசருக்கும் தயாரிப்பாளர் ஒரு உச்ச வெப்பநிலை குறித்திருக்கிறார். ஐ5-12400க்கு அது 100 டிகிரி. ரைசன் 7 5800எக்ஸுக்கு 90. ரைசன் 9 7950எக்ஸுக்கு 95. ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு 89. உங்கள் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டால் இந்த எண் கிடைக்கும். முதலில் அதைக் குறித்து வையுங்கள், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்யூட்டரின் எண்ணை வைத்து உங்களுடையதை எடைபோட முடியாது.

அந்த உச்சத்தைத் தொட்டதும் சிபியு தானாகவே வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்துக்கொள்ளும். அக்கா மகன் சொன்ன "இழுக்குது" இதுதான். அதையும் மீறி ஏறினால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். எல்லாக் காலத்திலும் இந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. 2001இல் ஓடிக்கொண்டிருந்த ஏஎம்டி ஆத்லான் ஒன்றின் மேலிருந்து ஹீட் சிங்க்கை, அதாவது சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளை, கழற்றிப் பார்த்தார்கள், நொடிகளில் கருகிப்போனது. அதே சோதனையில் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. இன்றைய பிராசசர்கள் எல்லாமே தங்களைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவை.

ஆக, உச்சத்தைத் தொடுவதால் உடனே ஆபத்து இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் உங்களுக்குக் கிடைக்கவில்லை, அதுதான் முதல் நஷ்டம். ஃபேன் ஓயாமல் இரைவது அடுத்தது. வருடக்கணக்கில் அதிக வோல்டேஜும் அதிகச் சூடும் சேர்ந்து இருந்தால் சிப் சீக்கிரம் மூப்படையும் என்பது மூன்றாவது.

ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் கொஞ்சம் வேறு மாதிரி. கடினமான வேலை கொடுத்தால் 95 டிகிரி வரை ஏறி, அங்கேயே நின்று, அந்த எல்லைக்குள் கிடைக்கும் அளவு வேகத்தை எடுத்துக்கொள்வதே அவற்றின் வடிவமைப்பு. பெரிய கூலர் போட்டாலும் எண் இறங்காமல் வேகம் மட்டும் கூடலாம். வெப்பநிலை எண்ணை மட்டும் பார்ப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இவையே நல்ல உதாரணம்.

நம் ஊரில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஃபேன் கூலராக இருந்தாலும் தண்ணீர்க் கூலராக இருந்தாலும், அறைக் காற்றைவிடக் கீழே சிப்பைக் குளிர்விக்க முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் சிபியுவும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். மார்கழியில் 72 காட்டிய கம்ப்யூட்டர் கத்திரி வெயிலில் 82 காட்டினால் அது கெட்டுப்போய்விட்டது என்று பொருளில்லை. குளிர்நாட்டுக்காரர்கள் 21 டிகிரி அறையில் எடுத்த எண்களைப் பார்த்துவிட்டு, 37 டிகிரி அறையில் உட்கார்ந்துகொண்டு கவலைப்படுகிறோம். அதனால்தான் நான் எப்போதும் மூன்று எண்களைச் சேர்த்தே எடுப்பேன்: சிபியு வெப்பநிலை, அறை வெப்பநிலை, சிபியு இழுக்கும் வாட்.

படி 1: ஒழுங்காக அளப்பது

விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலையைக் காட்டும், சிபியுவுடையதைக் காட்டாது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். எண்களின் பெரிய காடு திறக்கும். உங்களுக்கு வேண்டியவை நாலே நாலு: 'சிபியு பேக்கேஜ்' வெப்பநிலை (ரைசனில் 'டிசிடிஎல்/டிடை'), 'சிபியு பேக்கேஜ் பவர்' எனும் வாட், கோர்களின் வேகம், சூட்டால் வேகம் குறைகிறதா என்று சொல்லும் 'தெர்மல் த்ராட்லிங்' என்ற ஆமாம்-இல்லை வரி. எளிமையாக வேண்டுமென்றால் கோர் டெம்ப் போதும். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் நிறுவி, டெர்மினலில் 'சென்சார்ஸ்' என்று தட்டினால் வந்துவிடும்.

சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். இன்டெல் சிப்பில் உள்ள சென்சார் உச்சத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதையே அளக்கிறது. உச்சத்துக்குப் பக்கத்தில் துல்லியமாகவும், கீழே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும். முதல் தலைமுறை ரைசனில் 1700எக்ஸ், 1800எக்ஸ் போன்றவை ஃபேன் கட்டுப்பாட்டுக்காக உண்மையைவிட 20 டிகிரி கூட்டியே சொல்லும். பழைய ரைசன் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

அறைக்கு ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் வரும் வானிலை எண் ஊருக்கானது, உங்கள் மொட்டைமாடிக்குக் கீழ் அறைக்கு அல்ல. கேபினெட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தருகே அதை வையுங்கள்.

இனி சிபியுவுக்கு வேலை கொடுக்க வேண்டும். சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருள் போதும். அதன் வழக்கமான சோதனை பத்து நிமிடம் ஓடும், ஹீட் சிங்க் முழுதாகச் சூடேற அந்த நேரம் தேவை. பிரைம்95 என்ற இன்னொரு மென்பொருளின் 'சிறிய எஃப்எஃப்டி' சோதனை அன்றாட வேலை எதுவும் கொடுக்காத சூட்டைக் கொடுக்கும். அதை வைத்துக் கவலைப்பட வேண்டாம். சோதனைக்கு முன் மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள். சும்மா இருக்கும்போதே சிபியு 30, 40 சதவீதம் ஓடினால், முதலில் டாஸ்க் மேனேஜரில் யார் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டாக இருக்கலாம், ஆன்டிவைரஸாக இருக்கலாம், திருட்டு மென்பொருளோடு வந்து, உங்கள் கம்ப்யூட்டரில் யாருக்கோ கிரிப்டோ காசு சம்பாதிக்கும் காயின் மைனராகவும் இருக்கலாம்.

எட்டாவது நிமிடத்தில் மூன்று எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இந்தக் கணக்கு:

சிபியு வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, வாட்டால் வகுக்கவும்.

வேலூரில் அன்று அறை 37, சிபியு 100, வாட் வெறும் 48. வேகத்தைக் குறைத்துக்கொண்டு 48க்கு இறங்கியிருந்தது. 63ஐ 48ஆல் வகுத்தால் 1.31. ஒவ்வொரு வாட்டுக்கும் 1.31 டிகிரி ஏறுகிறது என்று அர்த்தம். அந்தச் சின்னக் கூலருக்குக்கூட 0.6, 0.7 அளவில் வந்தால் நியாயம். இருமடங்கு வந்ததும் விஷயம் புரிந்தது: வெயிலும் காரணமில்லை, கேமும் காரணமில்லை. சிப்பிலிருந்து வெளிக் காற்றுக்குப் போகும் வழியில் எங்கோ அடைப்பு.

இந்த எண் எல்லாச் சூழலுக்கும் மாறாத எண் அல்ல. ஃபேன் வேகம் மாறினால் மாறும், சிப்பின் அளவைப் பொறுத்தும் மாறும். ஒரே கம்ப்யூட்டரை, ஒரே சோதனையில், ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை.

உங்கள் எண் நியாயமாக இருந்து, வாட் அதிகமாக இருந்தால் நேராகப் படி 5க்குப் போங்கள். எண்ணே பெரிதாக இருந்தால் அடுத்த மூன்று படிகள் உங்களுக்குத்தான்.

படி 2: பக்கவாட்டுக் கதவைத் திறந்து பார்ப்பது

ஸ்க்ரூடிரைவர் எடுப்பதற்கு முன் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை இது. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே பத்து நிமிடச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ஐந்து, ஆறு டிகிரிக்கு மேல் இறங்கினால் காற்றோட்டம் குறைச்சல். அசையவே இல்லையென்றால் கோளாறு கூலரிலோ, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்டிலோ.

அக்கா மகனுடையதில் வாட் கொஞ்சம் ஏறியதே தவிர, 100 அப்படியே நின்றது. முக்கியக் கோளாறு உள்ளேதான். ஆனாலும் அவன் கேபினெட் இருந்த இடத்தையும் பார்த்தேன். கம்ப்யூட்டர் மேஜையின் கீழே சிபியு வைப்பதற்கென்று மரப்பலகையில் ஒரு அறை செய்திருப்பார்களே, மூன்று பக்கமும் அடைத்து, பின்னால் சுவரை ஒட்டி. பின் ஃபேன் தள்ளும் சூடான காற்று சுவரில் மோதி, கீழே சுழன்று, முன்பக்கமாக மறுபடி உள்ளே போகும். பாதிப் பிரச்சினைகள் அந்த மேஜையோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகின்றன. கேபினெட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் வையுங்கள்.

உள்ளே காற்று போகும் திசை எளிமையானது: முன்னாலும் கீழேயும் உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. ஃபேனின் சட்டத்தில் கம்பிகள் தாங்கியிருக்கும் பக்கம் காற்று வெளிவரும் பக்கம். ஒரு சிறு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தாலும் தெரியும். உள்ளே தள்ளும் ஃபேன் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் சந்து பொந்து வழியாக எல்லாம் தூசியை இழுக்கும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடி, உள்ளே மூன்று வண்ண விளக்கு ஃபேன் வைத்த கேபினெட்டுகள் கடையில் அழகாக இருக்கும். எங்கள் வெயிலுக்கு நான் அவற்றை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். முன்னால் வலை வைத்த சாதாரணக் கேபினெட் போதும்.

படி 3: தூசி

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். மெல்லிய பெயின்ட் பிரஷ், கையில் பிடிக்கும் ப்ளோயர், இரண்டும் போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது தன் வேகத்தைத் தாண்டிச் சுழன்று பேரிங் கெட்டுப்போகும். ஹீட் சிங்க்கின் மேல்பக்கம் சுத்தமாகத் தெரிந்தாலும், ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். கூலரிலிருந்து ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும்.

கேபினெட்டை வண்டியில் வைத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் கம்ப்ரசரில் காற்றடிக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கம்ப்ரசர் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கும். காற்றோடு சேர்ந்து அது மதர்போர்டில் தெளிக்கும். அழுத்தமும் அளவுக்கு மிஞ்சியது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது இடத்தைப் பொறுத்தது. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி அருகே இருப்பவர்களுக்குப் பஞ்சு, சாலையோர வீடுகளுக்கு மண், சமையலறை பக்கத்தில் என்றால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிய தூசி. நான் வருடத்துக்கு இரண்டு முறை செய்கிறேன், ஒன்று கண்டிப்பாகப் பங்குனியில், வெயில் ஏறுவதற்கு முன்.

படி 4: கூலரும் பேஸ்டும்

வேலூர்க் கதை இங்கேதான் முடிச்சவிழ்ந்தது. கூலரை விரலால் லேசாக அசைத்துப் பார்த்தேன், ஒரு மூலை ஆடியது. அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்த கடையில் நான்கு பின்களில் ஒன்றை முழுதாக அழுத்தாமல் விட்டிருந்தார்கள். ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, சிப்பின் பாதிக்கு மேல் காற்று நின்றது. இத்தனை மாதமாக அந்தப் பையன் முழு வேகம் கிடைக்காமல்தான் ஓட்டியிருக்கிறான். மார்கழியில் தெரியாத கோளாறு மே மாதத்தில் வெளியே வந்தது.

காற்று நின்றால் என்ன என்று கேட்கலாம். வெப்பத்தைக் கடத்துவதில் தாமிரத்தின் எண் சுமார் 400. அலுமினியம் 200க்கு மேல். அசையாத காற்று 0.026. தெர்மல் பேஸ்ட் இவற்றுக்கு நடுவில், ஒற்றை இலக்கத்தில். பேஸ்ட் தாமிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அது விரட்டுவது காற்றை. உலோகமும் உலோகமும் தொடாத நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அதனால்தான் நிறையத் தடவினால் நல்லது என்ற எண்ணம் தப்பு. அழுத்தம் சரியாக விழுந்தால் மிச்சம் பக்கவாட்டில் பிதுங்கிவிடும், பெரிய கெடுதி இல்லை. குறைவாகப் போட்டு மூலைகள் காய்ந்து நிற்பதுதான் மோசம்.

செய்யும் முறை. கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டுங்கள், பேஸ்ட் இளகும். அணைத்து, பிளக்கை எடுத்து, ஃபேன் வயரைக் கழற்றுங்கள். ஏஎம்4 சாக்கெட் ரைசன் வைத்திருப்பவர்கள் இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். கூலரை நேராக மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியிலுள்ள பின்கள் வளையும். இடமும் வலமுமாக மெல்லத் திருகி, வழுக்க வைத்து எடுங்கள்.

பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் இரண்டு பக்கமும் துடைத்து எடுங்கள். புதுக் கூலராக இருந்தால் அடியில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், உரிக்காமலே மாட்டிய கூலர்களைக் கையால் கழற்றியிருக்கிறேன். பேஸ்டை நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு வையுங்கள். 12ஆம் தலைமுறை இன்டெல் முதல் பிராசசர் நீள்சதுரமாக இருப்பதால், நீளவாக்கில் ஒரு கோடாக இழுத்தால் ஓரம் வரை போய்ச் சேரும். கூலரை நேராக இறக்கி, பின்களை எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள்: இடது மேல், வலது கீழ், பிறகு மற்ற இரண்டு. அழுத்தும் முன் ஒவ்வொரு பின்னின் தலையும் அதில் போட்டிருக்கும் அம்புக்குறிக்கு எதிர்த் திசையில் முழுதும் திருப்பியிருக்க வேண்டும். அம்புத் திசை கழற்றுவதற்கானது. "டக்" என்று சத்தம் வரும். சத்தத்தை மட்டும் நம்பாமல், டார்ச் அடித்து மதர்போர்டின் பின்பக்கம் நான்கு பின்களும் முழுதாக வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்க்ரூ வைத்த கூலர் என்றால், ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நான்கையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

அன்று மறுசோதனையில் அறை அதே 37. சிபியு 88, வாட் 70. கணக்கு 0.73. கேபினெட்டை மேஜை அறையிலிருந்து வெளியே எடுத்து ஓட்டியதும் 82 டிகிரி, அதே 70 வாட், 0.64. செலவானது ஒரு பேஸ்ட் ட்யூப்.

பேஸ்டை மாதாமாதம் மாற்ற வேண்டியதில்லை. நல்ல பேஸ்ட் மூன்று நான்கு வருடம் நிற்கும். உங்கள் கணக்கு எண் ஏறினால், தூசி துடைத்தும் இறங்காவிட்டால், அப்போது மாற்றுங்கள்.

படி 5: சூட்டை உற்பத்தியாகும் இடத்திலேயே குறைப்பது

இதுவரை செய்ததெல்லாம் வெப்பத்தை வெளியேற்றுவது. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறைக்கு, வெப்பமே குறைவாக உண்டாகும்படி செய்வது இன்னும் பலன் தரும்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை அப்படியே நம்ப வேண்டாம். ஐ5-12400இல் 65 வாட் என்று இருக்கும். ஆனால் டர்போவில், அதாவது சிபியு தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்போது, உச்சம் 117 வாட். ஐ9-13900கே 125 வாட் என்று சொல்லி 253 வரை போகும். ஏஎம்டியின் 65 வாட் மாடல் 88 வரை இழுக்கும், 105 வாட் மாடல் 142 வரை, 170 வாட் மாடல் 230 வரை. பல மதர்போர்டுகள் இந்த வரம்பையும் தளர்த்தியே வருகின்றன. பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் இன்டெலில் பிஎல்1 (நெடுநேரம் இழுக்கலாம் என்ற வாட்), பிஎல்2 (சிறிது நேரத்துக்கு மட்டும் இழுக்கலாம் என்ற வாட்) என்ற இரண்டு வரம்புகளைத் தேடி, பிஎல்1ஐ உங்கள் கூலர் தாங்கும் அளவுக்கு வையுங்கள். ரைசனில் 'ஈகோ மோட்' என்ற ஒரே தேர்வு போதும். 7950எக்ஸ் போன்ற பெரிய பிராசசரை 230 வாட்டிலிருந்து 142க்கு இறக்கினாலும் வேகத்தில் இழப்பது சொற்பம். காரணம் முன்பே சொன்ன வோல்டேஜ் இருபடிக் கணக்கு. கடைசிச் சில சதவீத வேகத்துக்குத்தான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரம் போகிறது.

அடுத்த நிலை அண்டர்வோல்டிங். வேகத்தை மாற்றாமல் வோல்டேஜை மட்டும் குறைப்பது. ரைசனில் 'கர்வ் ஆப்டிமைசர்' என்பதை எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10இல் தொடங்கி, இரண்டு நாள் வழக்கமான வேலை செய்து பார்த்து, நிலையாக இருந்தால் மைனஸ் 15, 20 என்று போகலாம். கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால் அளவு மிஞ்சிவிட்டது. ஒரு படி பின்வாங்குங்கள். சிப் கெடாது, சேமிக்காத வேலைதான் போகும். இன்டெலில் பல மாடல்களில் இந்த வசதி அடைக்கப்பட்டிருக்கும். 2019 டிசம்பரில் வெளிவந்த ப்ளன்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு லேப்டாப்களில் பெரும்பாலும் பூட்டிவிட்டார்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் பெரிய டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் பயாஸைப் புதுப்பியுங்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜும் சூடும் சேர்ந்து அந்தச் சிப்புகளை நிரந்தரமாகப் பழுதாக்குவதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, வோல்டேஜுக்குக் கடிவாளம் போடும் மைக்ரோகோடை (பயாஸோடு வரும், சிப்புக்கான திருத்தம்) ஆகஸ்டில் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே பழுதான சிப்பை அந்த அப்டேட் சரிசெய்யாது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: ஃபேன் வளைவு

பயாஸிலேயே ஃபேன் வேகத்தை வெப்பநிலைக்கு ஏற்ப அமைக்கலாம். 50 டிகிரி வரை மெதுவாக, 70இல் முக்கால் வேகம், 80க்கு மேல் முழு வேகம் என்று வைத்தால் போதும். தாவித் தாவி இரைந்தால், ஃபேன் வேகம் மாறுவதற்கு முன் சில நொடி காத்திருக்கும் அமைப்பைப் போடுங்கள்.

புதுக் கூலர் எப்போது

இவ்வளவும் செய்து, வாட்டையும் கட்டுப்படுத்தி, இன்னமும் உச்சத்துக்குப் பத்து டிகிரிக்குள் நிற்கிறதென்றால் வாங்குங்கள். நாலு தாமிரக் குழாயும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள டவர் கூலர் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் போதுமானது. கேபினெட்டுக்குள் உயரம் இடிக்குமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். தண்ணீர்க் கூலர் 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் பிராசசருக்குப் பொருத்தம். 65 வாட் பிராசசருக்கு அதைத் தலையில் கட்டும் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பம்ப் ஒருநாள் நின்றால் முழுக் கூலரும் போயிற்று. டவரில் நின்றால் ஒரு ஃபேன்தான்.

லேப்டாப்

இங்கே கைகொடுக்கும் வழிகள் குறைவு. மெத்தையிலும் மடியில் போர்வை மேலும் வைத்தால் அடிப்பக்கத் துளைகள் அடைபடும். பின்பக்கத்தை இரண்டு புத்தகம் வைத்து உயர்த்தினாலே சில டிகிரி இறங்கும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' என்பதை 100லிருந்து 99 ஆக்கினால், பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். 95இல் கொதித்தது 70க்குப் பக்கம் வந்துவிடும். வீடியோ எடிட்டிங் மெதுவாகும், மற்ற வேலைகளில் வித்தியாசமே தெரியாது. ஆன்லைன் வகுப்புக்கும் டைப்பிங்குக்கும் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் செய்துகொடுப்பது இதைத்தான்.

சூடுதான் காரணமா?

இழுப்பதும் வேகம் குறைவதும் சூட்டின் அடையாளம். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைவது பல நேரம் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) அல்லது வீட்டுக் கரன்ட். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தால் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்று மட்டுமே பொருள், காரணம் அதில் இருக்காது. எச்டபிள்யூஇன்ஃபோவில் பதிவு எழுதும் வசதியை இயக்கிவிட்டு வேலை செய்யுங்கள். அணைந்தபின் அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். 60 டிகிரியில் அணைந்திருந்தால் கூலரைக் குறை சொல்லாதீர்கள்.

கடைசி வேலை

கேபினெட் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, தேதி, அறை வெப்பநிலை, சிபியு வெப்பநிலை, வாட், கணக்கு எண் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அக்கா மகன் கம்ப்யூட்டரில் முதல் வரி 1.31, இரண்டாவது 0.73, மூன்றாவது 0.64. மார்கழியில் அவனே சோதனை ஓட்டி நான்காவது வரியை எழுதிப் படம் அனுப்பினான்: அறை 27, சிபியு 72, வாட் 70. வகுத்துப் பார்த்தேன், 0.64.

"பத்து டிகிரி கொறஞ்சிருக்கே மாமா, நல்லா ஆயிடுச்சா?" என்று கேட்டான். கம்ப்யூட்டர் அப்படியேதான் இருக்கிறது, வேலூர்தான் குளிர்ந்திருக்கிறது என்றேன். அடுத்த வரியைப் பங்குனியில் தூசி துடைத்துவிட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.